அம்மாவுக்கு ஒரு உழவு மெசின்

போன வருசம் புரட்டாதி முடிய ஒரு கிழமை இருக்கேக்க லீவுக்கு வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில ஏறின பஸ் புளியங்குளம் சந்தியில என்னை இறக்கிவிட்டது. வழமையாகத் தம்பிதான் சைக்கிளோட வந்து நிற்பான். அன்றைக்கு அம்மா நின்றா. ஒரு கை சைக்கிள் ஹாண்டிலில, மற்றக் கை நாரியில.

“என்னம்மா, நாரி நோகுதோ?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை. கொஞ்சம் பிடிச்சுப்போட்டுது. நீ ஏறு.”

ஏறச் சொன்னாவே தவிர, அவவால மிதிக்க முடியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடந்துதான் வீட்டுக்குப் போனோம்.

எங்கட வளவு ஒரு ஏக்கர். வீடு, கிணறு, ஏழெட்டுத் தென்னை, பின்வேலியோட கொஞ்சம் பத்தை. கிணற்றுக்கும் பத்தைக்கும் நடுவில இருக்கிற கால் ஏக்கர்தான் தோட்டம். கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை, ஒரு பக்கம் கச்சான். ஒவ்வொரு வருசமும் மழைக்கு முன்னம் அந்தக் கால் ஏக்கரையும் அம்மா மண்வெட்டியால கொத்திப் பாத்தி கட்டுவா. அந்த முறை பாதி கொத்தேக்கதான் நாரி பிடித்திருக்கிறது. திருநெல்வேலியில நான் இருக்கிற அறையின்ர வாடகை இந்தத் தோட்டத்தில இருந்துதான் வருகுது. மகாபொலக் காசு சாப்பாட்டுக்கே காணாது. ஆகவே அம்மாவின்ர நாரி எண்டது எனக்குப் பாசம் மட்டும் சம்பந்தப்பட்ட விசயம் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

அன்று இரவு தம்பி சொன்னான், “மெசின் ஒண்டு வாங்குவம்.”

அம்மாவிட்ட சீட்டுக்காசு ஒன்றரை லட்சம் வந்து கிடந்தது. வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த காசு. கடன் எடுப்பது எண்ட பேச்சுக்கே அம்மா இடம் தரவில்லை. வன்னியில நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டி அவதிப்பட்ட பெண்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2018இல வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின்ர ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது எண்டால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதனால் ஒன்றரை லட்சத்துக்கு மேல ஒரு சதமும் இல்லை. பிழையான மெசினை வாங்கினால் கூரையும் இல்லை, தோட்டமும் இல்லை.

லான்ட்மாஸ்ரர் எண்ட பெயர்

எங்கட வீட்டில மெசின் புதுச் சொல் இல்லை. அப்பாவிட்ட ஒரு லான்ட்மாஸ்ரர் இருந்தது. இரண்டு சில்லு உழவு மெசினுக்கு எங்கட ஆக்கள் பொதுவாகச் சொல்லுகிற பெயர் அதுதான். உண்மையில் அது இங்கிலாந்தில செய்த ஒரு கை உழவு இயந்திரத்தின்ர பெயர். பிறகு ஜப்பான் மெசின் வந்தது, சீன மெசின் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

2008இல இடம்பெயரேக்க எனக்கு ஐந்து வயது. லான்ட்மாஸ்ரருக்குப் பின்னால பெட்டியைப் பூட்டி, அதில நெல் மூட்டை, சட்டி பானை, தகரம், அதுக்கு மேல நானும் தம்பியும் அம்மம்மாவும். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த இயந்திரத்தின்ர சத்தமும் டீசல் மணமும்தான். எத்தனையோ ஊர் மாறி, கடைசியில் வலைஞர்மடத்தடியில டீசல் இல்லாமல் அதை விட்டுவிட்டு நடந்தோம். அப்பா இப்ப இல்லை. அது வேற கதை. தம்பி மெசின் எண்டு சொன்னவுடன் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்ததுக்குக் காரணம் காசு மட்டும் இல்லை எண்டதுக்காகத்தான் இதைச் சொல்லுகிறேன்.

ஏன் வாடகைக்குப் பிடிக்கக் கூடாது?

நான் முதலில கேட்ட கேள்வி இது. ஊரில ரக்ரர் இருக்கு, லான்ட்மாஸ்ரர் இருக்கு. காசு கொடுத்து உழுவித்தால் என்ன?

நான் புவியியல் மாணவி. உலர் வலயத்தில பெருமளவு பரந்திருப்பது செங்கபில மண் எண்டு முதல் வருசமே மனப்பாடம் செய்தேன். பரீட்சையிலும் எழுதினேன். அது காய்ந்தால் கல்லு, நனைந்தால் பசை எண்டு எழுதினபோது எங்கட பின்வளவு எனக்கு ஞாபகம் வரவே இல்லை. அம்மா அதையே வேற மாதிரிச் சொல்லுவா: “பதம் ரெண்டு மூண்டு நாளுக்குத்தான் நிக்கும்.” முதல் மழை விழுந்து, தண்ணி உள்ளே இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பொத்தினால் உருண்டையாக நிற்க வேணும். பெருவிரலால அமத்தினால் உதிர வேணும். அதுதான் பதம். உருண்டை உதிராமல் நசிந்தால் இன்னும் ஈரம். உருண்டையே பிடிபடாவிட்டால் காய்ந்துபோச்சு.

அந்த இரண்டு மூன்று நாளில் ஊரில எல்லாருக்கும் ரக்ரர் வேணும். ரக்ரர்காரர் முதலில ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வயலுக்குத்தான் போவார். அதில பிழையும் இல்லை, அவருக்கும் பிழைப்பு. கால் ஏக்கர்த் தோட்டம் வரிசையில கடைசி. எங்களிட்ட அவர் வருகிற நேரம் மண் ஒன்றில் இறுகியிருக்கும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் சேறாகியிருக்கும். சேற்றில பாரமான ரக்ரர் இறங்கினால் மேல்மண் புரளும், கீழ்மண் சில்லுக்குள்ள நசிந்து இறுகும். பிறகு அந்த இறுகின படைக்குக் கீழ வேரும் போகாது, தண்ணியும் போகாது. தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில ரக்ரரைத் திருப்பவும் ஏலாது. மூலைகள் எல்லாம் திரும்ப மண்வெட்டிக்குத்தான்.

ஆகவே நாங்கள் வாங்கப்போவது உழவை மட்டும் இல்லை, அந்த இரண்டு மூன்று நாளையும்தான் எண்டு எனக்கு விளங்கியது.

மூன்று வகை

பிறகு நானும் தம்பியும் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தோம். சுழலுகிற கத்திகளால் மண்ணைக் கிண்டுகிற இந்த யோசனைக்கு நூறு வருசத்துக்கு மேல வயது. 1912இல அவுஸ்திரேலியாவில கில்கான்ட்ரா எண்ட இடத்தில, ஆர்தர் கிளிஃபோர்ட் ஹவார்ட் எண்ட இளைஞர் தகப்பனின்ர பண்ணையில் நின்ற நீராவி இயந்திரத்தைக்கொண்டு இதைச் செய்து பார்த்தாராம். முதலில கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில அள்ளி எறிந்திருக்கு. பிறகு ‘எல்’ வடிவக் கத்தியைக் கண்டுபிடித்துத்தான் அதைச் சரிப்படுத்தினார். இன்றைக்கும் கடையில் போய்ப் பார்த்தால் பல மெசின்களில் அதே ‘எல்’ கத்திதான்.

எங்களுக்கு முன்னால இருந்தது மூன்று வகை.

ஒன்று, இரண்டு கையாலும் தூக்கக்கூடிய சின்ன மெசின். 52 சி.சி., இரு வீச்சு எஞ்சின். பெற்றோலோட ஒயில் கலந்து ஊற்ற வேணும். விலை குறைவு, பாரம் குறைவு. ஆனால் பாரம் குறைந்தால் இறுகின மண்ணில் கத்தி இறங்காது, மேலே மேலே துள்ளும். ஏற்கெனவே கொத்தின பாத்தியில் களை கிளறத்தான் அது சரி.

இரண்டாவது, ஏழு குதிரைவலு அளவிலான பெற்றோல் மெசின். நான்கு வீச்சு எஞ்சின், 212 சி.சி. அளவு. கடைகளில் மினி ரில்லர் எண்டு சொல்லுவது பெரும்பாலும் இதைத்தான். எஞ்சினுக்கு நேர் கீழே கத்தி. எஞ்சினின்ர பாரமே கத்தியை மண்ணுக்குள்ள அமத்தும். ரோட்டில தள்ளிக்கொண்டு போகச் சில்லு, உழேக்க சில்லைக் கழற்றிக் கத்தியைப் பூட்ட வேணும். வெளிப்பக்கக் கத்திகளைக் கழற்றினால் அகலம் குறையும், மிளகாய் வரிசைகளுக்கு நடுவில போகலாம்.

மூன்றாவது, டீசல் லான்ட்மாஸ்ரர். நூற்றுக்கணக்கான கிலோ பாரம். உழும், பெட்டி இழுக்கும், தண்ணிப் பம்பும் ஓட்டும். பழசு எண்டாலும் எங்கட காசுக்கு எட்டாது. தம்பியின்ர கண் முழுக்க அதில்தான் இருந்தது. எனக்கு அதுக்கான காரணம் தெரியும். அவனுக்கும் அப்பாவின்ர பெட்டி ஞாபகம் இருக்கு.

ஒரு சின்னக் கணக்கும் போட்டேன். கால் ஏக்கர் எண்டால் ஏறத்தாழ 1,012 சதுர மீற்றர். மெசின் 60 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கிண்டினால் ஒருமுறை முழுக்க உழ 1.7 கிலோமீற்றர் நடக்க வேணும். குறுக்காக இன்னொரு தரம் எண்டால் 3.4 கிலோமீற்றர். சின்ன மெசின் 30 சென்ரிமீற்றர் எண்டால் ஒருமுறைக்கே 3.4. துள்ளுகிற இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்கப்போவது யார் எண்டு யோசித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் யாழ்ப்பாணத்தில. தம்பி வெளிநாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் எங்களுக்காக மெசின் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டப்போவது அம்மா.

கயிறு

வவுனியாவுக்கு மூன்று பேரும் போனோம். முதல் கடையில் தம்பி எஞ்சினைக் கேட்டான், நான் விலையைக் கேட்டேன். கடைக்காரர் எங்கள் இருவருக்கும் மாறி மாறி விளங்கப்படுத்தினார். அம்மாவை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா பேசாமல் போய் ஒரு மெசினின்ர ஸ்ரார்ட் கயிற்றைப் பிடித்து இழுத்தா. பாதிதான் வந்தது.

“அம்மா, அது தம்பி இழுப்பார்தானே,” எண்டார் கடைக்காரர்.

“தம்பி ஆறு மாசத்தில போயிடுவான். பிறகு நீங்களோ வந்து இழுக்கிறது?”

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். அதுக்குப் பிறகு அவர் அம்மாவோடு கதைக்கத் தொடங்கினார். அம்மா கேட்ட வேற கேள்விகள்: கைபிடியை எவ்வளவு பதிக்கலாம்? பின்னுக்கு எடுக்குமோ? கையை விட்டால் கத்தி நிற்குமோ? பழுதானால் வவுனியாவுக்குக் கொண்டுவர வேணுமோ, ஊர் கராஜில செய்யலாமோ? நாங்கள் பார்த்த ஒரு வீடியோவிலும் இந்தக் கேள்விகள் இவ்வளவு ஒழுங்காக வரவில்லை.

மூன்று கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் முதலில கயிறு. மூன்றாவது கடையில் ஒரு பெற்றோல் மெசின் இரண்டாவது இழுவையில் பிடித்தது. கைபிடி அம்மாவின்ர இடுப்புக்குப் பதிந்தது. பின் கியர் இருந்தது. நெம்பை விட்டவுடன் கத்தி நின்றது. ஆனால் அன்றைக்கு அம்மா வாங்கவில்லை. “எங்கட மண்ணில பாக்காமல் ஏலாது,” எண்டு சொல்லிவிட்டா.

நெடுங்கேணி ரோட்டில இருக்கிற பெரியம்மா வீட்டில அதே அளவு மெசின் ஒன்று நின்றது. அடுத்த நாள் அதைக் கேட்டு எடுத்து வந்து எங்கட தோட்டத்தில விட்டோம். மழை இல்லை, மண் கல்லு. தம்பி முறுக்கினான். மெசின் மண்ணுக்குள்ள இறங்காமல் நாய்க்குட்டி மாதிரி முன்னுக்கு ஓடியது, அவன் பின்னால் ஓடினான். இந்த வகை மெசினில் கத்திதான் சில்லும். மண்ணைப் பிடிக்காவிட்டால் கத்தி மெசினை இழுத்துக்கொண்டு ஓடும். அதைத் தடுக்கத்தான் பின்னுக்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கு. அதை மண்ணில ஊன்றினால் வேகம் குறையும், ஆழம் கூடும்.

அம்மா வாளியில தண்ணி கொண்டுவந்து ஒரு பாத்தி அளவுக்கு ஊற்றிவிட்டுச் சொன்னா, “நாளைக்குப் பாப்பம்.” அடுத்த நாள் காலை அந்தத் துண்டில் அம்மாவே பிடித்தா. கம்பியை அமத்தி, ஆழமாக ஒருதரம் கிண்டாமல், மேலாக ஒருதரம், பிறகு குறுக்காக இன்னொரு தரம். மெசின் அவவோட நடந்தது.

கேட்க வேண்டியிருந்த மற்றக் குரல்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற எங்கட பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடத்தில எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். வாங்கப்போகிறோம் எண்டவுடன் அவள் கேட்டது, “தோட்டத்தில கோரை இருக்கோ?” இருக்கு. நிறைய. “அப்ப கவனம். கத்தி கோரைக்கிழங்கை அறுத்து அறுத்துத் தோட்டம் முழுக்க நட்டுவிடும். அறுகும் அப்பிடித்தான்.” மண்வெட்டி கிழங்கைத் தூக்கி வெளியே போடும், மெசின் பங்கு போட்டுக் கொடுக்கும். மண்ணை மாவாக அரைக்காதேயுங்கோ எண்டும் சொன்னாள். மாவான மண்ணில மழைத்துளி அடித்தால் மேலே ஓடு மாதிரிப் படை கட்டும், முளை மேலே வராது. ஜப்பானின்ர ஃபுக்குவோக்காவைப் படித்தவர்கள் உழவே வேண்டாம் எண்டு சொல்லுவார்கள். அவள் அவ்வளவு தூரம் போகவில்லை. “தேவையான அளவுக்கு மட்டும்” எண்டாள்.

அம்மாவுக்கு வேற பயமும் இருந்தது. 2022 ஞாபகம் இருக்கும்தானே? அந்த வருச ஆனியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரைக்கும் போனது, அதுவும் வரிசையில நாள் கணக்கில் நின்றால்தான். அதே மாதம் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவும் விட்டார்கள். “மண்வெட்டிக்குக் கியூ.ஆர். கேக்கமாட்டாங்கள்,” எண்டா அம்மா. அதனால் ஒரு முடிவு: மெசின் வந்தாலும் மண்வெட்டிகள் இரண்டும் பிடி மாற்றி, தீட்டி வைக்கப்படும்.

பின்வேலி

ஐப்பசி முதல் கிழமை மெசினை வாங்கினோம். கூரை இன்னொரு வருசம் பொறுக்கட்டும். புது மெசினுக்குள்ள எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் இருக்காது, ஊற்றாமல் ஸ்ரார்ட் பண்ணினால் அன்றோடு சரி எண்டு கடைக்காரர் மூன்றுதரம் சொன்னார். நானும் உங்களுக்கு ஒருதரம் சொல்லிவைக்கிறேன்.

மழை பெய்து மூன்றாம் நாள் உருண்டை பிடித்துப் பார்த்துவிட்டு அம்மா இறங்கினா. மத்தியானத்துக்குள்ள முக்கால்வாசி முடிந்தது. தம்பி உற்சாகத்தில பின்வேலிப் பத்தைப் பக்கம் கையைக் காட்டி, “அதையும் சேத்து அடிப்பம், இன்னும் ரெண்டு பாத்தி வரும்,” எண்டான்.

“அங்க வேண்டாம்.”

“ஏன்?”

“மண்வெட்டி போகாத இடத்துக்கு மெசின் போகாது.”

1997இல ஜெயசிக்குறு நடவடிக்கையின்போது மாதக்கணக்காகச் சண்டை நடந்த இடம் புளியங்குளம். எங்கட பின்வேலிக்கு அங்கால பழைய மண் அணை ஒன்று இன்னும் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. கண்ணிவெடி அகற்றின பிறகுதான் எங்களை மீள விட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை எண்டு தம்பி வாதாடினான். நானும் அவன் பக்கம்தான் நின்றேன். அம்மா கத்தவில்லை. மண்வெட்டியால கொத்தேக்க ஒரு கம்பியில பட்டாலும், தகரத்தில பட்டாலும், கல்லில பட்டாலும் கைக்குத் தெரியும், கை நிற்கும் எண்டா. “மெசினுக்குத் தெரியாது. அது அரைச்சுக்கொண்டு போயிடும்.”

ஒரு மணித்தியாலம் கழித்து, தோட்டத்தின்ர ஓரத்தில, அந்தப் பத்தைக்கு இரண்டு முழம் இங்கால, மெசின் திடீரெண்டு முக்கி நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றது. எஞ்சினை நிப்பாட்டி, கொஞ்ச நேரம் தள்ளி நின்று, கிட்டப் போய்ப் பார்த்தோம். முள்ளுக்கம்பி. கத்திகளைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தது. எவ்வளவு காலமாய் அங்க கிடந்ததோ தெரியாது. குறடால வெட்டி எடுக்க அரைநாள் போனது. தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அம்மா அந்தக் கம்பித்துண்டுகளை ஒரு பழைய சாக்குக்குள்ள போட்டுக் கட்டினா.

எங்கட ஊர்ப்பக்கம் தோட்டம் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேணும். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில இலங்கை சேர்ந்தது 2017 மார்கழியில்தான். வடக்கில அகற்றும் வேலை அதுக்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருந்தது. புதுசாக ஒரு துண்டு நிலத்தைத் திறக்கப்போறீங்கள் எண்டால் முதலில கிராம சேவகரிட்ட கேளுங்கோ. சந்தேகமான எதையும் தொடாமல், அசைக்காமல் அறிவியுங்கோ. மெசின் வாங்குகிறவர்களுக்கான எந்த வீடியோவிலும் இது வராது, ஏனெண்டால் அதுகள் வேற நாட்டு மண்ணுக்கு எடுத்த வீடியோக்கள்.

இப்ப

தம்பி போய்விட்டான். அம்மா தனியத்தான் ஓட்டுறா. நாரி நோ குறைந்திருக்கு, முற்றாக மாறவில்லை. அதுக்குப் பதிலாக, உழுத நாள் இரவில் இரண்டு கையும் விறைக்குது எண்டு சொல்லுறா. ஒரேயடியாக ஓட்டாமல் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாவோ தெரியாது. தெற்கு மூலையில கோரை கூடியிருக்கு, அந்த மூலைக்கு இப்ப மெசின் போவதில்லை. மிளகாய் முந்தின வருசத்தைவிட இரண்டு கிழமைக்கு முன்னம் நட்டாச்சு. பக்கத்து வளவுத் தங்கமக்காவுக்கும், அதுக்கு அடுத்த வீட்டுக்கும் அம்மா மெசின் கொடுக்கிறா, பெற்றோல் அவையின்ர. பதம் நிற்கிற இரண்டு மூன்று நாளுக்குள்ள மூன்று தோட்டமும் முடிகிறது.

என்ர அறை வாடகை இந்த மாதமும் நேரத்துக்கு வந்தது.

போன கிழமை கோல் எடுத்தபோது கேட்டேன், “பின்வேலிப் பக்கம் என்ன மாதிரி?”

“அது கிடக்கட்டும் பிள்ளை. ஒவ்வொரு வருசமும் ரெண்டு அடி மண்வெட்டியால திறப்பம். பிறகு மெசின் போகட்டும்.”